‘பாவம்டி’ என்ற தோழியும், கன்னத்தைக் கிள்ளிய நண்பனும்

கேள்வி இதுதான். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் என் தாய்மாமா இருக்கிறார். 31 வயது, பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், அதனால் அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்கி வருவது அவர்தான். போன வாரம் வகுப்பு நண்பர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி என் காதோரம் ‘பாவம்டி’ என்றாள். ஒருத்தன் மாமாவின் கன்னத்தைக் கிள்ளி ‘ஹாய் செல்லம்’ என்றான். இன்னொருத்தி கடைசிவரை போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான்காவது ஆள் மட்டும் சாதாரணமாக இருந்தான். யாருமே கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வயதுக்காரர்கள் மாமா மாதிரி ஆட்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? இது மாறுமா?”

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் மாமாமேல் வெறுப்பு கிடையாது. பாவம் பார்க்கும் மனசுதான் இருக்கிறது. அது நல்லதுதானே என்று தோன்றும். நான் 22 வருடமாகச் சிறப்பு ஆசிரியை. அதில் பாதிக்கு மேல், உங்கள் மாமா மாதிரி 18 வயது தாண்டியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையத்தில் போனது. கேலி செய்கிறவனிடம் சண்டை போட்டாவது ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். பாவம் பார்க்கிறவரை நகர்த்துவதுதான் பெரும்பாடு. தான் புண்ணியம் செய்துகொண்டிருப்பதாக நம்புகிற ஒருவர் எதற்காக மாற வேண்டும்?

எங்கள் மையத்துக்கு வருடத்துக்கு நாலைந்து கல்லூரிகளில் இருந்து என்.எஸ்.எஸ். மாணவர்கள் வருவார்கள். பஸ் நின்றதும் கேக் பெட்டி, பிஸ்கட் அட்டைப்பெட்டி, பேனர் மூன்றும் முதலில் இறங்கும். பிள்ளைகள் பின்னால் இறங்குவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, மருந்துக்கடைக்குக் காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “சாப்ட்டியா செல்லம்? என்ன சாப்ட்ட?” என்று இழுத்து இழுத்துக் கேட்டாள். அவளுக்கு 19 இருக்கும். அவருக்கு அப்போது 38. மீசையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அவர் பசைக் குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, “நான் சாப்ட்டேன் பாப்பா. நீ சாப்ட்டியா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். “ச்சோ க்யூட்” என்று ஒரு குரல். தன்னைவிடப் பாதி வயசுப் பெண்ணிடம் வீட்டுப் பெரிய மனுஷன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் அவர் பேசினார். அது யார் காதிலும் விழவில்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் போக வேண்டிய கவர் கட்டு மறுநாள்தான் போனது. கடைக்காரர் என்னைத்தான் சத்தம் போட்டார்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். மாணவர்கள் பிறகு வைத்த பெயரிலேயே கவர் அண்ணன் என்று சொல்கிறேன்.

உங்கள் நண்பர்களுக்கு வருகிறேன். இந்த மனப்போக்கை அளக்க உளவியலில் நிறையக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1996-இல் அமெரிக்காவில் உருவான ஒன்று எனக்குப் பிடிக்கும். நல்ல எண்ணமா கெட்ட எண்ணமா என்று ஒரே தராசில் போட்டுவிடாமல் நாலு விஷயத்தைத் தனித்தனியாக விசாரிக்கிறது. இவர்கள் நம் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களா? தன் வாழ்க்கையைப் பற்றி இவர்களே முடிவெடுக்கலாம் என்கிறீர்களா? எப்போதும் யாராவது பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? அடிப்படையில் நம்மைப் போல ஆசாபாசம் உள்ள மனிதர்கள்தான் என்று தோன்றுகிறதா? ‘பாவம்டி’ என்ற தோழி முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்குவாள். தெருவில் குடியிருக்கக் கூடாது என்று அவள் சொல்லவே மாட்டாள். கடைசிக் கேள்வியிலும் தேறிவிடுவாள். இடறுவது நடுவில் உள்ள இரண்டில். முடிவெடுக்கும் உரிமையையும் பொத்தி வைப்பதையும் ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் பிடிக்க முடியாது. பெரும்பாலோர் யோசிக்காமலே இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு பழைய முறை சமூகத் தூரத்தை அளப்பது. எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1920-களில் இன வேற்றுமையை அளக்கச் செய்தது. ஊரில் இருக்கலாமா, தெருவில் இருக்கலாமா, கூட வேலை பார்க்கலாமா, நண்பனாகலாமா, சம்பந்தம் பண்ணலாமா என்று படி படியாகக் கேட்டுக்கொண்டே போவது. நான் இதை, உங்கள் மாமா மாதிரி ஒருவரைப் பற்றியதாக மாற்றி, மாணவர்களிடம் கை தூக்கச் சொல்லிச் செய்வேன். தெரு வரைக்கும் எல்லாக் கையும் மேலே இருக்கும். வேலையிடம் என்றதும் ஒன்றிரண்டு இறங்கும். “சனிக்கிழமை சினிமாவுக்கு உங்கள் கும்பலோடு கூட்டிப்போவீர்களா?” என்றால் பாதி இறங்கிவிடும். அப்புறம் நான் கடைசியாக ஒன்று கேட்பேன். “இவரைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. இவருடைய தங்கையை உங்கள் அண்ணனுக்குப் பெண் கேட்டு வந்தால் வீட்டில் பேசுவீர்களா?” அப்போது அறையில் ஒரு சத்தமும் இருக்காது. ஒரு தடவை ஒரே ஒரு கை மேலே நின்றது. விசாரித்தால், அந்தப் பையனின் பெரியம்மா மகன் எங்கள் மாதிரி ஒரு மையத்தில் படித்தவன்.

உங்கள் நான்காவது நண்பனையும் கேட்டுப் பாருங்கள். அவன் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இருப்பார் என்பது என் ஊகம்.

நடுவில் ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதில்தான். அறிவுசார் குறைபாடு என்பது நோய் கிடையாது. நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., சுமார் 70-க்குக் கீழே இருப்பது, அதோடு பணம் எண்ணுவது, பஸ் ஏறுவது, நாலு பேரோடு பழகுவது மாதிரி அன்றாட வாழ்க்கைத் திறன்களில் தடுமாற்றம் இருப்பது, இந்த இரண்டும் வளரும் வயதிலேயே தொடங்கியிருப்பது, மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 85 சதவீதம், லேசான நிலை. அவர்களை நீங்கள் பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பேப்பர் கடையில் மூட்டை கட்டுகிறவர், மண்டபத்தில் இலை போடுகிறவர் என்று உங்களைக் கடந்து போயிருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேரை இந்தப் பிரிவில் எண்ணியது, தமிழ்நாட்டில் சுமார் ஒரு லட்சம். லேசான நிலையில் உள்ளவர்களை வீட்டில் யாரும் எழுதிக்கொடுப்பதில்லை என்பது கணக்கெடுக்கப் போன எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

மனநோய் வேறு. அது எந்த வயதிலும் யாருக்கும் வரலாம், மருந்து உண்டு. நம் ஊரில் லூசு, மெண்டல், கிறுக்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டோம். 2009-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் வழக்கு அது. பாலியல் வன்முறையால் கர்ப்பமான அவருக்குக் கருவைக் கலைத்துவிட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. அவர் பெற்றுக்கொள்ள விரும்பினார். அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். இந்த வழக்கைச் சொன்னதும் மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். “அவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?” என்பதுதான் முதல் கேள்வி. தன் வயிற்றில் இருக்கும் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று தெரிய எத்தனை மார்க் வாங்கியிருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன்.

சொற்களைப் பற்றியும் கேட்பார்கள். இதில் நான் கொஞ்சம் வேறு கட்சி. ‘மனவளர்ச்சி குன்றியவர்’ போய் ‘அறிவுசார் மாற்றுத்திறனாளி’ வந்தது நல்லதுதான். ஆங்கிலத்தில் இடியட், மோரான் எல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் டாக்டர்கள் சான்றிதழில் எழுதிய சொற்கள். அவை வசவாகிப் போன பிறகு ரிடார்டட் வந்தது. அதுவும் வசவாகி, 2010-இல் அமெரிக்கா சட்டம் போட்டு மத்திய அரசின் சட்டங்களில் இருந்து அதை எடுத்தது. அதற்கு முந்தைய வருடம், அந்தச் சொல்லை விடுங்கள் என்று இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய இயக்கம் அங்கே பெரிதாகப் பரவியது. உங்கள் வயதுக்காரர்கள்தான். ஆனால் புதுச் சொல்லையும் பழைய மனசு சீக்கிரமே அழுக்காக்கிவிடும். தமிழில் என்னை உறுத்துவது ‘லூசு’கூட இல்லை, ‘சிறப்புக் குழந்தை’தான். ஏழு வயதுப் பிள்ளையைச் சொல்லுங்கள், சரி. ஷேவிங் செய்துகொண்டு, மாத ஊதியம் வாங்கி, அம்மாவுக்கு நைட்டி எடுத்துக்கொடுக்கிற 38 வயது மனுஷனை மேடையில் ஏற்றி “இந்தத் தெய்வக் குழந்தை” என்றால் எனக்கு மைக்கைப் பிடுங்கத் தோன்றும். உங்கள் நண்பன் கன்னத்தைக் கிள்ளியதும் அந்தச் சொல்லின் நீட்சிதான்.

குழந்தை என்ற இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? 1983-இல் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம். அவர்களில் பாதிப்பேர் வரை இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள், அறுவை சிகிச்சை எல்லாருக்கும் கிடைத்த காலமில்லை அது. இன்று அங்கே அந்தச் சராசரி 60-ஐத் தொடுகிறது. நடு வயது டவுன் சிண்ட்ரோம் மனிதர் என்பவர் உலகத்துக்கே புதியவர். அவரிடம் எப்படிப் பேசுவது என்று நம் பாட்டி தாத்தா காலத்தில் இருந்து வழிவழியாக வந்த பழக்கம் எதுவும் இல்லை. கையில் இருப்பது குழந்தையோடு பேசும் பாஷை மட்டும்தான். அதைத்தான் எடுத்து நீட்டுகிறோம்.

இதோடு பள்ளிக்கூடம் சேர்ந்துகொள்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010-இல் அமலுக்கு வந்தது. அதற்குப் பின் சேர்க்கைப் பதிவேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருடைய பெயரும் ஏறியது. ஆனால் நான் பார்த்த பல ஊர்களில் பெயர் பள்ளியில் இருக்கும், பிள்ளை கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும், அல்லது வீட்டில். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெயரும் காணாமல் போகும். உங்கள் நண்பர்கள் பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் இரண்டு வருடம் கல்லூரியிலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பதினாலு வருடத்தில் ஒரு நாளாவது இப்படி ஒருவரோடு பெஞ்சில் உட்கார்ந்து, பென்சிலைப் பிடுங்கிச் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகியிருக்கிறார்களா? போனில் முகத்தைப் புதைத்துக்கொண்ட பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குப் பயம், தப்பாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று. மூன்று பேரில் சீக்கிரம் மாறப்போவது அவள்தான் என்று பந்தயம்கூடக் கட்டுவேன்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிரிக்க ஒருவர், அழ ஒருவர், அவ்வளவுதான் அங்கே இடம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில், மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்து, படம் எடுப்பவர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. ரீல்ஸ் கதை வேறு. உருக்கமான பியானோ பின்னணியில் பிரியாணி ஊட்டிவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தானே அள்ளிச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு எதற்கு ஊட்ட வேண்டும் என்று ஒருவர்கூடக் கமெண்டில் கேட்பதில்லை.

சரி, மாறுமா என்று கேட்டீர்கள். மாறும். ஆனால் எப்படி என்பதில்தான் சூட்சுமம். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதியது இன்னும் நிற்கிறது. பழகினால் வெறுப்பும் விலக்கமும் குறையும், ஆனால் சும்மா பார்த்துவிட்டுப் போவது போதாது என்றார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். 2006-இல் பெட்டிக்ரூவும் டிராப்பும் ஐநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழக்கம் முன்முடிவுகளைக் குறைக்கிறது, இந்த நாலும் கூடி வந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. இப்போது எங்கள் கேக் வெட்டும் நாளை இதில் பொருத்திப் பாருங்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்று பிரித்தபின் சம நிலை ஏது? கேக் சாப்பிடுவதைத் தவிரப் பொதுவாக ஒரு குறிக்கோளும் இல்லை. மிச்சம் இருப்பது மேலிடத்து ஆதரவு ஒன்றுதான், அதுவும் பேனரில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சக்கர நாற்காலியில் அரை நாள் உட்காருவது என்று ‘உணர வைக்கும்’ பயிற்சிகள். அமெரிக்காவில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கல்லூரி மாணவர்களிடமே சோதித்தது. பயிற்சி முடிந்து வந்தவர்களிடம் இரக்கம் கொஞ்சம் கூடியது, கூடவே பயமும் தர்மசங்கடமும் கூடின. பழகும் ஆர்வம் வளரவில்லை. அறிவுசார் குறைபாட்டுக்கு இப்படிப் பாவனை செய்யவும் வழியில்லை. கணக்குத் தெரியாத மாதிரி அரை நாள் நடித்து யாருக்கு என்ன புரியப்போகிறது?

எங்கள் மையத்தில் ஒரு வருடம் நான் சண்டை போட்டு விதியை மாற்றினேன். கேக் கிடையாது, பேனர் கிடையாது, போட்டோ கடைசி நாள் மட்டும். ஒரு நாளுக்கு அறுபது பேர் வருவதற்குப் பதிலாக எட்டுப் பேர் ஆறு சனிக்கிழமை வர வேண்டும். என்.எஸ்.எஸ். கணக்குக்கு வருடத்துக்கு 120 மணி நேரம் தேவை, அதனால் கல்லூரியும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டது. வந்தவர்களுக்கு வேலை, கவர் ஒட்டுவது. பயிற்சி கொடுப்பவர், கவர் அண்ணன்.

முதல் சனிக்கிழமை நடந்ததை அப்படியே சொல்கிறேன். பொறியியல் படிக்கும் ஒரு பையன் பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு கவர் ஒட்டி, பெருமையாக நீட்டினான். கவர் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடி மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். “இது தேறாது. இதுவும் தேறாது. மாத்திர கீழ விழும்.” ஏழு கவரைத் தனியாக ஒதுக்கினார். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் சிபாரிசுக்கு வருவேன் என்று. நான் என் ரெஜிஸ்டரில் குனிந்துகொண்டேன். அண்ணன் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்து, மடிப்பின்மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “மொத நகம். அப்புறம் பசை.” அவ்வளவுதான் பாடம். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் ரகரம் தடுமாறும். பையன் அவர் வாயையே கூர்ந்து பார்த்துக் கேட்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஆறாவது சனிக்கிழமை கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தில் ‘நீங்கள் கற்றுக்கொண்டது என்ன’ என்று ஒரு கட்டம். ஏழு பேர் அன்பு, பொறுமை என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் எழுதியது: “கவர் அண்ணன் ரொம்பக் கறார். செவ்வாய்க்கிழமை அவருக்கு மூடு சரியில்லை என்று சொன்னார்கள், காரணம் தெரியவில்லை.” ஒரு மனுஷனைப் பற்றி இன்னொரு மனுஷன் எழுதியது அது. கறார் என்று யாரும் குழந்தையைச் சொல்வதில்லை. நான் அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

விளையாட்டும் இதே வேலையைச் செய்யும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-இல் பெர்லினில் நடந்த போட்டியில் இந்தியா 202 பதக்கம் வாங்கியது. எனக்கு அந்தப் பதக்கக் கணக்கைவிட அவர்களுடைய ‘யூனிஃபைடு’ போட்டிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவது. பாஸ் கொடுக்காவிட்டால் ‘டேய்’ என்று கத்தத்தான் வேண்டும். கத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அடுத்த தடவை நண்பர்கள் வரும்போது மாமாவை அறிமுகப்படுத்துவதில் இருந்து ஆரம்பியுங்கள். “இவருக்கு டவுன் சிண்ட்ரோம்” என்று தொடங்க வேண்டாம். பெயர் சொல்லி, “எங்க மாமா, வீட்டுக்குப் பால் வாங்குவது இவர் டிபார்ட்மென்ட்” என்றால் போதும். அவர்கள் உங்களிடம் “மாமா காபி குடிப்பாரா?” என்று கேட்பார்கள், இது அனேகமாக நடக்கும். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், மாமா பக்கம் திரும்பிப் பாருங்கள். கேள்வி தானாக அவரிடம் போகும். அவர் பதில் சொல்ல எட்டுப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் குறுக்கே புகுந்து பேசுவது நாம் எல்லாருமே செய்யும் தப்பு, எனக்கே இன்னும் போகவில்லை. கூட உட்கார்ந்து செய்ய ஏதாவது வேலை இருக்கட்டும். கேரம் போர்டு, வடைக்கு வெங்காயம் உரிப்பது, எதுவானாலும் சரி. சும்மா நாற்காலியில் எதிரெதிரே உட்கார வைத்தால் அது பெண் பார்க்கும் படலம் மாதிரி ஆகிவிடும். கன்னம் கிள்ளியவனிடம் தனியாகச் சொல்லுங்கள்: “உங்க சித்தப்பா கன்னத்தை யாராவது கிள்ளுவாங்களாடா?” அவனுக்குச் சிரிப்பு வரும், ஆனால் புரிந்துவிடும். ‘பாவம்டி’ என்றவளிடம், என்ன பாவம் என்று உண்மையாகவே கேளுங்கள். கோபமாகக் கேட்கக் கூடாது. அவளிடம் பதில் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் பாட்டிக்கும் அம்மாவுக்கும் அப்புறம் மாமாவின் விஷயங்கள் உங்கள் தலைமுறை கைக்குத்தான் வரும். 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கக் கலெக்டரை உள்ளடக்கிய மாவட்டக் குழு இருக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் வேண்டுமென்றே ஒருவரை அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை. இதெல்லாம் இருக்கட்டும், மாமாவிடம் வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்தால் ஒழிய அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கத் தடையில்லை. பல வீடுகளில் எல்லாச் சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும், அது மட்டும் இருக்காது. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். யாருக்கும் தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் கல்யாணப் பேச்சு. இன்னும் சில வருடத்தில் உங்களைப் பார்க்க வருவார்கள். அன்று மாமாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைக்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் வருவது, இதை 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கலாம். ஆனால் அவர்கள் விளக்கம் கேட்டா வருகிறார்கள்? எங்கள் மையத்தில் ஒருவரை அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்த நாளில் மாடி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மூன்று மணி நேரம். மறுநாள் வந்து என்னிடம் அவர் சொன்னது, “ஜாங்கிரி வாசன வந்துச்சு.”

கவர் அண்ணனின் தங்கைக்கும் கல்யாணமாகி ஒரு குழந்தை. போன தை மாதம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அவர் கை நடுங்குமோ, குழந்தை அழுதால் மிரண்டுவிடுவாரோ என்று பேசிப் பேசி, பெரியப்பா மகனை உட்கார வைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். அழைப்பு வந்ததால் நானும் போயிருந்தேன், பழைய சனிக்கிழமை மாணவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஆசாரி வந்து உட்கார்ந்ததும் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணனிடம் போனாள். யாரையும் கேட்கவில்லை. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் தலையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் பிடி தளரவில்லை. ஆசாரியிடம் மட்டும், “மெல்ல. நகம் படாம,” என்றார்.

மொய் நோட்டில் முதல் வரி தாய்மாமனுடையது. எழுதுகிறவர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார், அப்பா பெயரில் எழுதிவிடவா என்று கேட்டார். கவர் அண்ணன் சட்டைப்பையில் இருந்து அவரே ஒட்டிய காகிதக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே ஐந்து நூறு ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும். எழுதி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எண்ணின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து, பூஜ்யம், ஒன்று. “சரியா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.